ஷஹீமா கேட்ட ஒரு சொல்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். வரட்டும். ஷஹீமாவின் கதையைக் கேட்டும் கோபம் வராத ஆள் யாராவது இருந்தால் அவருக்கு நாடி பிடித்துப் பார்க்க வேண்டும்.

ஷஹீமா அதிராம்பட்டினத்துப் பெண். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். சென்னையில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, ஸ்காலர்ஷிப்பில் ஜெர்மனிக்குப் போனாள். ஒன்பது வருஷம் அங்கேயே படிப்பும் வேலையும். லேபில் எல்லோரும் ஜெர்மன்தான் பேசினார்கள், இவளும் பேசினாள். கணக்குப் போடுவதிலிருந்து தூக்கத்தில் உளறுவது வரை எல்லாம் ஜெர்மனில்தான் என்று அவள் கணவர் அல்தாப் சிரிப்பார். 2003இல் நியூ ஜெர்ஸியில் ஒரு மருந்து கம்பெனி அவளைக் கூப்பிட்டது. பிஸ்கட்டவேயில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்குக் கீழ் வீட்டில் குடிவந்தார்கள். விசா அவள் பேரில். அல்தாபுக்கு இங்கே வேலை செய்ய அனுமதி கிடையாது. சமையல், துணி, மகன் முஆத் எல்லாம் அவர் பொறுப்பு. மூன்று பேரின் கிரீன் கார்டும் அவள் கம்பெனி போட்ட ஒரே அப்ளிகேஷனை நம்பித்தான் இருந்தது.

நானும் அதே கம்பெனிதான். லேபிலிருந்து வரும் ரிப்போர்ட்டைச் சரிபார்க்கும் பிரிவு. இருவரும் ஒரே காரில் போய் வருவோம். ஷஹீமாவின் ரிப்போர்ட் சின்னச் சின்ன வாக்கியமாக இருக்கும். என் சிவப்புப் பேனாவுக்கு அதில் வேலையே இருக்காது.

2004 டிசம்பரில் வருஷாந்தர ரிவ்யூ வந்தது. வேலைக்கு உச்ச மார்க். ஆனால் மேனேஜர் க்ரெய்க் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: 'சொல்வளம் போதாது. குரூப் லீடர் ஆக வேண்டுமானால் உயர்தர ஆங்கிலம் வேண்டும்.' அந்த ஃபாரத்தின் கடைசியில் ஊழியரின் கருத்துக்கு என்று ஒரு கட்டம் உண்டு. அமெரிக்கர்கள் அதில் பக்கம் பக்கமாகச் சண்டை போடுவார்கள். விசாவில் இருக்கும் நம் ஆட்கள் மட்டும் நன்றி எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அடித்தவனுக்கே நன்றி சொல்லும் ஜாதி நாம்.

"கலாக்கா, அந்த பாக்ஸ்ல என்ன எழுதறது?" என்று காரில் கேட்டாள்.

"தேங்க்ஸ்னு எழுதி சைன் பண்ணிடு. கிரீன் கார்டு கைக்கு வர்ற வரைக்கும் வாயத் திறக்காத."

இந்தப் புத்திமதியைச் சொன்னது நான்தான். இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

அந்த வாரமே அவள் ஒரு மரப்பெட்டியை வெளியே எடுத்தாள். ஜெர்மன் படித்த நாளில் வாங்கியது. உள்ளே ஐந்து அறை. இப்போது ஆங்கிலச் சொற்களுக்கு அட்டை எழுதி அதில் அடுக்கினாள். அட்டையின் ஒரு பக்கம் ஜெர்மன் சொல், மறுபக்கம் ஆங்கிலம், கீழே தன் லேப் வேலையிலிருந்து ஒரு வாக்கியம். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தப்பாகச் சொன்னால் முதல் அறைக்கே திரும்பும், நாலாவது அறையில் இருந்தாலும் தயவு கிடையாது. காலையில் அவள் கார் ஓட்டுவாள், பெட்டி என் மடியில். ஜெர்மன் சொல்லை நான் கொலை செய்து படிப்பேன். அவள் சிரித்துக்கொண்டே ஆங்கிலம் சொல்லி, வாக்கியமும் சொல்வாள். 287 ஹைவேயில் டிராஃபிக் நின்றால் கூடுதலாகப் பத்து அட்டை ஓடும். "உம்மா, யூ சவுண்ட் லைக் மை டீச்சர்" என்றான் முஆத். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

2005 ரிவ்யூ: 'முன்னேற்றம் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் வேண்டும்.' மறுபடியும் நன்றி எழுதினாள். 2006 செப்டம்பரில் ஐந்து அறையையும் தாண்டி அவள் மனப்பாடமாக்கிய அட்டை ஆயிரத்து எண்ணூறு ஆகியிருந்தது. குரூப் லீடர் இடமும் காலியானது.

அப்போதுதான் ஜெர்மனி ஆபீஸிலிருந்து உல்ரிஷ் வந்து இறங்கினார். நல்ல மனுஷர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர் ரிப்போர்ட் என் மேஜைக்கு வந்தால் பேனாவே காலியாகிவிடும். மீட்டிங்கில் சொல் கிடைக்காவிட்டால் ஜெர்மனிலேயே சொல்லிவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். க்ரெய்க் அதை 'சார்மிங்' என்பார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அக்டோபரில் உல்ரிஷ் குரூப் லீடர் ஆனார்.

அன்று மாலை ஷஹீமா கார் கதவைச் சாத்திவிட்டு, சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"க்ரெய்க் கூப்பிட்டாரு கலாக்கா. உன்னோட கார்டு எல்லாம் ஜெர்மன்லயும் இருக்காமே, வாரத்துல ரெண்டு நாள் உல்ரிஷுக்கு டீச் பண்ணுன்றாரு. அவரோட ரிப்போர்ட்ட எல்லாம் ஃபர்ஸ்ட் நான் கரெக்ட் பண்ணித் தரணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சு சொல்றேன்னேன்."

நான் கத்திய கத்தலில் பக்கத்துக் காரில் ஏறிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பிச்சைக்காரனிடமே பிடுங்கித் தின்னும் புத்தி இது. ரெண்டு வருஷம் இவள் கண் எரியப் படித்தது இன்னொருவரைத் தூக்கிவிடவா?

டிசம்பர் ஃபாரம் வந்தது. 'சொல்வளம் மேலும் வளர வேண்டும்' என்று அதே வரி. அவ்வளவு கத்திய நான்தான், அல்தாபின் எதிரிலேயே, "கிரீன் கார்டை நெனச்சுக்கோம்மா" என்று மெதுவாகச் சொன்னேன். பயம் கோபத்தைவிடப் பெரியது. அல்தாப் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "நீ என்ன எழுதணுமோ எழுது. அனுப்பினா ஊருக்குப் போவோம். அங்க எனக்கு வேலையாவது கெடைக்கும்" என்றார்.

அவள் எழுதினாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: '2004இல் சொற்கள் போதாது என்றீர்கள். ஆயிரத்து எண்ணூறு சொற்கள் கற்றேன். இப்போது அவற்றைக் குரூப் லீடருக்குக் கற்றுத்தரச் சொல்கிறீர்கள். நான் குரூப் லீடர் ஆக இன்னும் எந்தச் சொல் குறைகிறது? ஓர் அட்டை இணைத்திருக்கிறேன். அதில் எழுதித் தாருங்கள், படித்துக்கொள்கிறேன். அது வந்த பிறகு வகுப்பு எடுக்கிறேன்.'

அதில் ஒரு பெரிய சொல்கூட இல்லை. வெற்று அட்டை ஒன்றை மூலையில் ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தாள்.

வேலை போகவில்லை. கிரீன் கார்டு அப்ளிகேஷனை யாரும் தொடவில்லை. உல்ரிஷுக்கு வகுப்பு எடுக்கும் பேச்சையும் பிறகு யாரும் எடுக்கவில்லை. ஜனவரியில் அவளுடைய பிரதி க்ரெய்க்கின் கையெழுத்துடன் திரும்பி வந்தது. காரில் என்னிடம் நீட்டினாள். மூலையில் ஸ்டேப்ளர் குத்திய இரண்டு ஓட்டை இருந்தது. அட்டை இல்லை.

"எந்த வார்த்தைன்னு அவருக்கே தெரியல போல" என்றேன்.

"தெரியும் கலாக்கா" என்று ஷஹீமா வண்டியை எடுத்தாள். "எழுதத்தான் முடியல."