ஜன்னல்காரியை எங்கே தேடுவீர்கள்?

தெருவில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து மூன்று வருடமாகியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. விட்டு வந்ததற்குக் காரணம் தொண்டை. பின்வரிசைக்கும் கேட்க வேண்டுமே என்று வருடக்கணக்காகக் கத்தித் தீர்த்ததில், ஒருநாள் காலை வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. குரல்நாணில் முடிச்சு என்றார் டாக்டர். சில மாதங்களுக்கு வாயே திறக்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் இருந்த மற்ற இருவரும் அதற்குப் பழகிக்கொண்டார்கள். மருந்துக் கிடங்கில் ஷிப்ட் வேலை பார்க்கும் கணவனுக்குக் கையசைவே போதுமானதாக இருந்தது. அந்த மனுஷனுக்கு அது கொஞ்சம் வசதியாகக்கூட இருந்திருக்கும், வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. அம்மாவைப் பேச வைக்கக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டாள். பிறகு முடிச்சு கரைந்தது. குரல் கொஞ்சம் கீறலோடு திரும்பி வந்தது. வீட்டுக்குள் பேச்சு மட்டும் திரும்பி வரவில்லை. வந்து போகிறவர்கள் எல்லாம், இருக்கிற இடமே தெரியாத பிள்ளை என்று மகளை மெச்சினார்கள். டீச்சருக்கும் அதில் பெருமைதான்.

அந்த நாட்களில்தான் இந்த வேலை கிடைத்தது. ஆசிரியர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு. எங்கெங்கோ இருக்கும் பல்லாயிரம் பேர் அதில் உறுப்பினர்கள். தினமும் ஒரு பதிவு போட்டு அவர்களைப் பேச வைக்க வேண்டும். வாயைத் திறக்காமல் செய்கிற வேலை, வேறென்ன வேண்டும்? படுக்கை அறையின் மூலையில் மேஜையைப் போட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

முதலில் எழுதியதையெல்லாம் ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. வகுப்பில் கவனத்தை ஈர்க்கும் வழிகள், வீட்டுப்பாடம் தேவையா என்று என்னென்னவோ எழுதினாள். எட்டிப் பார்த்த ஓரிருவரும் ‘பயனுள்ள தகவல், நன்றி’ என்று ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு நழுவினார்கள். ஆசிரியர்களைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? பிள்ளைகளிடம் கவனி, கவனி என்று உயிரை எடுப்பார்கள். தங்களை ஒரு கூட்டத்தில் உட்கார வைத்தால் மடியில் விடைத்தாளை வைத்துத் திருத்துவார்கள்.

குழுவை நடத்துகிறவர் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வார். வாயைத் திறந்தால் ஈடுபாடு குறைகிறது, ஈடுபாடு ஏறவில்லை என்பதுதான். அதனால் அந்த வீட்டில் அவருக்குப் பெயரே ஈடுபாடு. இப்படியே போனால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று ஒருநாள் ஈடுபாடு இழுத்தார். அன்று கையில் வேறு எதுவும் இல்லாமல் டீச்சர் ஒரு சின்னப் பதிவைப் போட்டாள். ஆறாம் வகுப்பு. ஜன்னல் ஓரம் ஒரு பெண். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் பேச மாட்டாள். நாளைக் காலை இவளிடம் முதலில் என்ன கேட்பீர்கள்?

அவ்வளவுதான், மடை திறந்தது. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பேனாவை மூடி வைத்துவிட்டு வந்தார்கள். அவர்களே அந்தப் பெண்ணுக்கு ஜன்னல்காரி என்று பெயர் வைத்தார்கள். ஆளாளுக்கு யோசனை, ஆளாளுக்கு அக்கறை. ஜன்னல்காரி இன்றைக்குச் சாப்பிட்டாளா, யாரோடாவது விளையாடினாளா என்று காலையிலேயே விசாரிக்க ஆரம்பித்தார்கள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. எங்கிருந்து பிடித்தாய் இவளை என்று கணவன் கேட்டபோது, கற்பனை என்றாள். சத்தியமாக அப்படித்தான் நம்பினாள்.

பயம் நாற்காலியில் தொடங்கியது. ஜன்னல்காரி தன் நாற்காலியை வெளியே பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொள்வாள் என்று ஒரு திங்கள்கிழமை எழுதினாள். மறுநாள் பிற்பகல் தண்ணீர் குடிக்கக் கூடத்துக்கு வந்தால், சாப்பாட்டு மேஜையின் நாற்காலி ஒன்று ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நீயே திருப்பிவிட்டு மறந்திருப்பாய் என்றான் கணவன். அடுத்த வாரம், கண்ணாடித் தூசியில் ஜன்னல்காரி விரலால் வட்டம் போடுவதாக எழுதினாள். இரண்டு நாள் கழித்துச் சமையலறை ஜன்னல் கண்ணாடியில், டீச்சரின் மார்பு உயரத்தில், சின்னதாக ஒரு வட்டம் இருந்தது. ஈரத் துணியால் துடைத்தாள்.

வீட்டில் ஒரு பிள்ளை இருக்கும்போது பேயைத் தேடுவானேன் என்று நமக்குத் தோன்றுகிறது. அவளுக்குத் தோன்றவில்லையே! ஒருமுறை மகளிடம் கேட்கத்தான் செய்தாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். நாற்காலியைத் தொட்டாயா? இல்லை என்று முதுகுக்குப் பின்னால் தலை அசைந்திருக்கும். தலையசைப்பு காதில் விழுமா?

பிறகு ‘சும்மா’ வந்தது. படம் இல்லாத ஒரு கணக்கு, பெயர் சும்மா. குழுவில் சேருகிறவர்களை அனுமதிப்பதும் டீச்சரின் வேலைதான். எந்த வகுப்பு என்று கேட்கும் இடத்தில் எதையாவது நிரப்பியிருந்தால் போதும், பார்க்காமலே தட்டிவிடுவாள். சும்மா அதிகம் பேசாது. ஜன்னல்காரிக்குக் கணக்குப் பிடிக்கும் என்று யாராவது ஊகித்தால், இல்லை, வரைவதுதான் பிடிக்கும் என்று ஒரு வரி போடும். அவளுக்கு இருமல், மூன்று நாளாக இருக்கிறது என்று இன்னொரு வரி. டீச்சர் எழுதாத விஷயங்கள் இவை. எழுதியவளுக்கே தெரியாததை இன்னொருவர் எப்படிச் சொல்ல முடியும்? அனுபவமுள்ள ஓர் ஆசிரியை, அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்று அறிவுரை சொன்னாள். அதன் கீழே சும்மா எழுதியிருந்தது:

"அம்மா வேலையா இருக்காங்க."

அதைப் படித்ததும் டீச்சருக்கு யாரோ தன் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். திறந்த கதவும் அதற்கப்பால் காலிக் கூடமும்தான். ஈடுபாட்டிடம் சொன்னபோது அவர் சிரித்தார். உறுப்பினர்கள் தாங்களாகவே கதையை வளர்க்கிறார்கள், கொடுத்து வைத்தவர் நீங்கள் என்றார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். இரண்டு வாரமாகப் பதில்கள் குறைகின்றன, அந்தப் பெண்ணுக்கு ஏதாவது நடந்தால் நன்றாக இருக்கும்.

ஏதாவது என்றால்? அதை அவர் சொல்லவில்லை. டீச்சர் ஒருநாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் மதியம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதினாள். ஜன்னல்காரியைக் காணவில்லை. பள்ளி விட்டு எல்லோரும் போய்விட்டார்கள். அவள் செருப்பு வழக்கமான இடத்தில் இல்லை. எங்கே தேடுவீர்கள்?

பதில்கள் கொட்டின. பேருந்து நிறுத்தம், நூலகத்தின் பின்பக்கம், விளையாட்டுத் திடல், மொட்டை மாடி, தோழி வீடு. சிலர் அழுதார்கள். நிஜமாகவே அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று ஒருவர் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி, இதயம் போட்டு, டீச்சர் நிமிர்ந்தபோது அறை மங்கியிருந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எப்போதும் இருப்பதில்லைதான். ஆனாலும் எழுந்து வாசலுக்குப் போனாள். மகளின் செருப்பு வழக்கமான இடத்தில் இல்லை.

பள்ளிக்குப் போன் செய்தாள். எல்லாப் பிள்ளைகளும் எப்போதோ போய்விட்டார்கள் என்றார் காவலாளி. துப்பட்டாவை அள்ளிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள். எழுதியதெல்லாம் நடக்கிறது, இதையும் நானே எழுதித் தொலைத்தேனே என்று மனசு அடித்துக்கொண்டது. பேருந்து நிறுத்தத்தில் இல்லை. திடலில் யாரோ பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள், அங்கும் இல்லை. நூலகத்தின் பின்பக்கம் பூட்டிய சைக்கிள்கள் மட்டும் நின்றன. பாதி வழியில்தான் உறைத்தது, ஆசிரியர்கள் சொன்ன இடங்களாகப் பார்த்துத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று. தன் பிள்ளைக்கு எந்த இடம் பிடிக்கும் என்று யோசித்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறாள் என்று எழுதுபொருள் கடைக்காரர் கேட்டார். அதற்கும் பதில் தெரியவில்லை. நடுத்தெருவில் நின்று மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தொண்டை பழையபடி காற்றைத்தான் துப்பியது.

கணவனைக் கூப்பிடப் போனை எடுத்தாள். திரையில் பதிவு இன்னும் திறந்தே கிடந்தது. எல்லாவற்றுக்கும் கீழே புதிதாக ஒரு வரி.

"வீட்ல யாராச்சும் பாத்தீங்களா?"

சும்மா. அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உறுப்பினர் விவரத்தைத் திறந்தாள். எந்த வகுப்பு என்ற கேள்விக்கு நேரே, ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு என்று இருந்தது. எந்த ஆசிரியர் பிரிவைச் சொல்லுவார்? அது மகள் படிக்கிற பிரிவு.

எப்படித் திரும்பி வந்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கூடத்து விளக்கைப் போட்டாள். ஜன்னல் திரைச்சீலை ஓர் இடத்தில் புடைத்திருந்தது. அதை விலக்கினால், வெளியைப் பார்த்துத் திருப்பிப் போட்ட நாற்காலியில் மகள். தோளில் பை, மடியில் செருப்பு, அதற்கு மேல் அப்பாவின் பழைய போன். சரியான நேரத்துக்குப் பள்ளியிலிருந்து வந்து, அம்மாவின் முதுகைக் கடந்து, வந்து உட்கார்ந்திருக்கிறாள். அத்தனை நேரமும் இங்கேதான்.

டீச்சர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகள் அவளை வேடிக்கைபோலப் பார்த்தாள். லேசாக இருமினாள். பிறகு கேட்டாள்:

"நாளைக்கு அவ என்ன பண்ணணும்மா?"

"அப்படி ஒருத்தியே இல்லடி. இனிமே அம்மா அவளப் பத்தி எழுத மாட்டேன். சத்தியமா எழுத மாட்டேன்."

மகளின் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தாள். அது சுருங்கிப் போனது.

"எழுதலன்னா யாரும்மா கேப்பாங்க? அவ்ளோ டீச்சரும் கேட்டாங்களே, இன்னிக்கு சாப்பிட்டாளான்னு."

சோபாவில் வீசிய போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கிடைத்தாளா, ஜன்னல்காரி கிடைத்தாளா என்று எங்கெங்கோ இருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கீறல் விழுந்த குரலைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டு கேட்டாள்.

"சாப்பிட்டியாம்மா?"

மகள் முதலில் அம்மாவின் இரண்டு கைகளையும் பார்த்தாள், போன் இருக்கிறதா என்று.