பதினேழு வயது அரிசி

மருதம்மாள் வீட்டு எலி பட்டினி தாங்காமல் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டதாகத் தோட்டத்தில் ஒரு கேலி உண்டு. மலாயாவில் திகாம் பத்து என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. புருஷன் பக்கிரிசாமி பால்வெட்டிக் கொண்டுவரும் சம்பளத்தை அவள்தான் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். கள்ளுக்கு எவ்வளவு, கருவாட்டுக்கு எவ்வளவு, பிள்ளைக்குச் சட்டை இந்தத் தீபாவளிக்கா அடுத்ததற்கா என்பதெல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரவேண்டும். கருமி என்றால் சிரித்துக்கொள்வாள். அவள் வீட்டில் மட்டும் மாசக் கடைசியிலும் உலை கொதித்ததே, அதை யார் மறுக்க முடியும்?

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார். ரப்பரை வாங்க நாதியில்லை. மரத்தை வெட்டிச் சாய்த்து மரவள்ளி போடச் சொன்னார்கள். கூலியாகக் கொடுத்த ஜப்பான் நோட்டுக்குக் கடையில் மரியாதையே இல்லை. மிச்சமிருந்த ஒரே மரியாதை, மாசம் ஒருமுறை ஆபீசில் அளந்து போடும் அரிசிக்குத்தான். வேலை செய்யும் ஆம்பளைக்குப் பத்து காத்தி, பொம்பளைக்கு எட்டு, சின்னப் பிள்ளைக்கு மூன்று. ஒரு காத்தி என்பது அரைக் கிலோவுக்குச் சற்று மேல். வேலைக்கு வராத ஆளுக்கும் பிள்ளைக் கணக்குதான்.

பக்கிரிசாமி காலில் மம்பட்டி பட்டது அந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும்! கணுக்காலில் ஆரம்பித்த புண் முழங்கால்வரை ஏறி நாறியது. அவருடைய பத்து காத்தி மூன்றாகிப்போனது. நாலு வயசு செல்லாயிக்கு வயிறு பானையாய் வீங்கி, கால் இரண்டும் ஈர்க்குச்சியாகிவிட்டன. மருதம்மாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். மரவள்ளியோடு எப்படிக் கலந்தாலும் அரிசி இருபது நாளைக்குமேல் ஓடவில்லை. மிச்சப் பத்து நாளைத் தான் சாப்பிடாமல் ஈடுகட்டினாள். ஒருநாள் காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கண் இருட்டி விழுந்தாள். தூக்கி நிறுத்தியவன் அவள் மூத்த மகன் அழகேசன். வயசு பதிமூன்று. உயரம் மட்டும் அவள் தம்பியைப்போல் நெடுநெடுவென்று.

அவன் தோளைப் பிடித்து எழுந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

அன்றே, காதில் கிடந்த கடைசித் தோட்டைக் கழற்றிக்கொண்டு ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி பரஞ்சோதியிடம் போனாள்.

"ஐயா, அழகேசனுக்குப் பதினேழுன்னு எழுதிடுங்க. ஆம்பளை வேலை செய்வான்."

"மருதம்மா, அவன் சின்னப் பய லா."

"ஆளைப் பாத்தா அப்படியா தெரியுது? ஒங்க புள்ளைகுட்டி நல்லா இருக்கும், எழுதுங்கய்யா."

எழுதினார். பக்கத்தில் அவள் கட்டைவிரலை ஒற்றி எடுத்தார். ஏழு காத்தி கூடுதல் அரிசி! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பக்கிரிசாமிக்கு மனசே ஒப்பவில்லை. "சின்னப் பயலை எதுக்குடி மம்பட்டி தூக்க வைக்கிற?"

"அப்ப நீங்க தூக்குறீங்களா?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த வார்த்தையைச் சொன்ன வாயில் அவள் பிற்பாடு எத்தனை முறை அடித்துக்கொண்டாளோ, கணக்கில்லை.

பிள்ளைக்கு அவள் கொடுத்த பயிற்சி இருக்கிறதே! தண்ணீர் எடுக்கப் போகும்போது, கஞ்சி குடிக்கும்போது, திடீரென்று கேட்பாள்: "வயசு என்னடா?" அவன் "பதினேழு" என்பான். முதலில் சிரித்துச் சிரித்துச் சொன்னான். நாளாக நாளாக நிசமாகவே பெரியவன்போல் சொன்னான். அப்பன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டான். செல்லாயியின் வீக்கம் வடிந்தது. அரிசி போடும் நாளில் மூட்டையை அவனே தோளில் சுமந்து வருவான். பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள், "அக்காவுக்கு என்ன, சம்பாதிக்கிற மவன்" என்பாள். கண் பட்டுவிடும் என்று மருதம்மாள் மூன்றுமுறை துப்புவாள்.

ஏழு மாசம் அப்படி ஓடியது.

எட்டாவது மாசம் சயாமில் ரயில் ரோடு போட ஆள் கேட்டு உத்தரவு வந்தது. வீட்டுக்கு ஒரு ஆம்பளை, பதினாறுக்குமேல், நாற்பத்தைந்துக்குள். மூன்று மாசத்தில் திருப்பி அனுப்புவார்களாம். முன்னால் போனவர்களில் ஒருத்தரும் திரும்பி வராதது எல்லாருக்கும் தெரியும். பக்கிரிசாமியின் காலை எட்டி நின்று பார்த்துவிட்டு, உதவாது என்று தள்ளினார்கள். பேரேட்டில் அந்த வீட்டுக்கு இன்னொரு ஆம்பளை இருந்தான்.

மருதம்மாள் தகரப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, அழகேசன் பிறந்தபோது எழுதி வாங்கிய சூராட் என்ற பிறப்புக் கடுதாசியைத் தேடியெடுத்துக்கொண்டு கிராணியிடம் ஓடினாள்.

"ஐயா, இந்தா கடுதாசி. பதிமூணுதான். ஒங்களுக்கே தெரியுமே, பச்சைப் புள்ள!"

பரஞ்சோதி எழுந்து கதவைச் சாத்தினார். "அதை உள்ள வை. ஏழு மாசம் பொய் சொல்லி அரிசி தின்னுருக்கீங்கன்னு தெரிஞ்சா ஜப்பான்காரன் ஒன் புருசன் தலையை வெட்டிக் கம்பத்துல குத்தி வைப்பான். எழுதின என் தலையும் போவும். எனக்கும் மூணு புள்ளைங்க இருக்கு, மருதம்மா."

சூராட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வேறென்ன செய்வாள்? புருஷன் தலையா, பிள்ளையா? கருவாட்டையும் கஞ்சியையும் பங்கு போட்டவளுக்கு இதைப் பங்கு போடத் தெரியவில்லை. பக்கிரிசாமி, "காட்டுடி அந்தக் கடுதாசிய, என் தலை போனாப் போவுது" என்று கத்தினார். அழகேசன்தான் அவர் வாயைப் பொத்தினான். "அங்க மூணு வேளையும் சோறாம்ப்பா. என் அரிசியும் இங்க மிச்சம்தானே?" என்றான். அவள் வளர்த்த பிள்ளை. அவளைப் போலவே கணக்குப் பார்த்தான். கணக்கு மட்டும் தப்பு. போகிறவன் பேருக்கு ஏது அரிசி?

லாரி விடிந்ததும் வந்தது. ஜப்பான் அதிகாரி வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து அழகேசனிடம் நின்றான். முகவாயைத் தூக்கினான். மீசை முளைக்காத உதட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கிராணியிடம் ஏதோ சொன்னான்.

"வயசு கேக்குறாரு" என்றார் பரஞ்சோதி.

அழகேசன் அம்மாவைப் பார்த்தான். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், செல்லாயியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். பதிமூன்று என்று ஒரு கத்து கத்தியிருந்தால் போதும். சூராட்டும் முந்தானையில்தான் இருந்தது. வீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்த மனுஷனின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. பாவி, அவள் வாய் திறக்கவில்லை.

"பதினேழு" என்றான் பிள்ளை. தடுமாறவே இல்லை. சொல்லிக்கொடுத்தபடியே சொன்னான்.

அடுத்த மாசம் அவன் பேரை அடித்துவிட்டார்கள். பத்து காத்தியும் போனது, பிள்ளைக் கணக்கில் வந்திருக்கவேண்டிய மூன்றும் போனது. பொய் சொல்வதற்கு முன்னால் இருந்ததைவிடவும் அரிசி குறைந்தது. பக்கிரிசாமி அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. எந்தத் தலையைக் காப்பாற்ற அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாளோ, அந்தத் தலையும் போய்ச்சேர்ந்தது.

சண்டை ஓய்ந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். சயாமுக்குப் போய் வராதவர்களின் பேரை எழுதிக்கொள்ளப் புதுக் கிராணி ஒருத்தர் மேசை போட்டு உட்கார்ந்தார். மருதம்மாள் செல்லாயியின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

"மகன் பேரு?"

"அழகேசன்."

"போனப்ப வயசு?"

"பதிமூணு."

அவர் பழைய பேரேட்டைப் புரட்டினார். "பதினேழுன்னுல்ல இருக்கு? ஆம்பளை அரிசி வாங்கியிருக்கான். சூராட் இருக்கா?"

சூராட் எங்கே இருக்கிறது! அந்த ஒரே சேலையை உடுத்தித் துவைத்து, உடுத்தித் துவைத்து, முடிச்சுக்குள்ளேயே கரைந்து கூழாகிவிட்டது.

"இல்லீங்க. ஆனா பதிமூணுதாங்க. பெத்தவ சொல்றேன்."

"ஒங்க ரேகைதானேம்மா இது?" என்று அவர் பேரேட்டைத் திருப்பிக் காட்டினார்.

அவள் பார்த்தாள். அவளுடைய ரேகைதான்.

அவர் பதினேழு என்று எழுதி, மையை அவள் பக்கம் நகர்த்தினார். பின்னால் வரிசை நீண்டு கிடந்தது. மருதம்மாள் கட்டைவிரலை மையில் தோய்த்து, அவர் காட்டிய இடத்தில் வைத்தாள்.