காது குத்திய மடி

என் பேத்தி முதன்முறையாக இந்தக் கேமரன் மலைக்கு வந்தபோது அவளுக்கு எட்டு மாதம். நியூசிலாந்தில் பொறியாளனாக இருக்கும் என் மகனும் மருமகளும் மூன்று வார விடுமுறைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பல் முளைக்காத குழந்தையை அவ்வளவு தூரம் விமானத்தில் கொண்டுவருவது தகுமா என்று பலர் என்னிடம் கேட்டார்கள். "தாத்தா வீட்டுக்கு வருகிறாள். அதில் தூரம் என்ன, பக்கம் என்ன" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். நான் தலைவராக இருக்கும் கோவில் நிர்வாகக் குழுவில் சொன்னேன். பிரிஞ்சாங் மளிகைக் கடையிலும் சொன்னேன். விடுமுறை முழுவதும் அவள் என் வீட்டில்தான் இருப்பாள் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி காலமான பிறகு தனியாக வாழ்கிறேன். தேயிலைச் சரிவை நோக்கியிருக்கும் என் வீட்டில் கிழக்கு அறைக்குப் புதிதாகச் சாயம் அடித்து, ஈப்போவிலிருந்து மரத்தொட்டில் வரவழைத்தேன். குளிர் புகாதபடி சன்னல் இடுக்குகளைத் துணியால் அடைத்தேன். சந்தையில் கம்பளிக் குல்லாய்களை நானே நின்று பொறுக்கினேன். கடைக்காரப் பெண், "ஐயா, இத்தன எதுக்கு, ஒரு தலைதான?" என்று கேட்டாள். இன்னொன்றையும் எடுத்துப் பையில் போட்டேன்.

மருமகளின் தந்தை, அதாவது என் சம்பந்தி, கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார். சொந்த வேனில் சரக்கு ஏற்றிவந்து பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் கடை போடுவார். மூன்று மகள்கள், ஆண் பிள்ளை இல்லை. வசதியானவர், நல்லவர் என்றும் எழுதத்தான் வேண்டும். உரக்கப் பேசி, அதைவிட உரக்கச் சிரிப்பார். எங்களுக்குள் அதுவரை மரியாதை இருந்தது; அதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை.

விமான நிலையத்திற்குத் தாமே வேனில் போய் அழைத்துவருவதாக அவர் சொன்னார்.

"நீங்க வீட்ல இருங்க சம்பந்தி. புள்ள வந்து எறங்குறப்ப வாசல்ல பெரியவங்க நிக்கணும்ல. நான் டிரைவரு, நீங்க மாப்ள வீட்டுக்காரரு."

முறைப்படி அது சரி. நான் ஒப்புக்கொண்டேன். குழந்தையோடு நான்கு மணி நேரப் பயணம் முழுவதையும் அவர் கையில் கொடுத்துவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வேன் வந்து நின்றபோது என் வாசலில் கோவில் குழுவினரும், எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வந்த என் பழைய மாணவர்கள் சிலரும் கூடியிருந்தார்கள். நான் வெள்ளை வேட்டியும் கோட்டும் அணிந்திருந்தேன். சம்பந்தி தோளில் ஈரத் துண்டோடு இறங்கினார்.

"தாப்பா ரோட்டு வளைவுல எனக்கு அபிஷேகம் பண்ணிட்டா சம்பந்தி. சட்டைய பாருங்க. வண்டியில இத்தன பேரு இருந்தோம், எனக்கு மட்டுந்தான். வேற யாருக்கும் குடுக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை தன்மேல் வாந்தி எடுத்ததை ஒருவர் விருதுபோல் அணிந்துகொண்டு நிற்பதையும், அதைக் கண்டு எனக்கு வயிறு எரிவதையும் அன்றுதான் அறிந்தேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் ஆரத்தி எடுத்தார். நான் தட்டுக்குப் பின்னால் நின்றேன். சூடம் எரிந்தது. குழந்தை நெருப்பைப் பார்த்தாள். அதற்கு மேலே என் மூக்குக்கண்ணாடியையும் முகத்தையும் பார்த்தாள். உதடு பிதுங்கியது. வீறிட்டு அழுதபடி இரு கைகளையும் ஈரத் துண்டுக்காரரை நோக்கி நீட்டினாள். "பயண அலுப்பு" என்று கூடியிருந்தவர்களிடம் நான் விளக்கினேன்.

மறுநாள் நான் மாட்டிய குல்லாயை மருமகள் மெல்லக் கழற்றினாள். "மாமா, கோவிச்சுக்காதீங்க. அங்க இதவிட குளிரு. இவளுக்கு இது வெயில் காலம் மாதிரி. பாருங்க, வேர்த்துப் போச்சு." அடைத்த சன்னல்களையும் திறந்தாள். அவள் தவறாக எதையும் செய்துவிடவில்லை. ஆயினும் திறக்கும் ஒவ்வொரு சன்னலின் ஓசையும் எனக்குக் கேட்டது.

அவர்கள் ஊரில் நேரம் நமக்கு முன்னால் ஓடுகிறது. எனவே குழந்தை இங்கே சேவல் கூவும் முன்பே விழித்துக்கொண்டாள். அவள் குரல் கேட்டதும் நான் எழுந்து, சால்வை போர்த்தி, அறை வாசலில் போய் நிற்பேன். என்னைக் கண்டதும் அழுகை இருமடங்காகும். சில நாட்களில் மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அம்மா வீட்ல சந்தைக்கு சரக்கு ஏத்த எப்படியும் விடியுமுன்ன எந்திரிச்சிருவாங்க மாமா. அங்க ஆளாளுக்கு மாத்தி மாத்தித் தூக்கிக்குவாங்க. இங்க உங்க தூக்கம் கெடுது."

"ரெண்டு நாளைக்குத்தான்பா" என்றான் மகன்.

அந்த இரண்டு நாள் முடியவே இல்லை.

குழந்தையைப் பார்க்க நான் கம்போங் ராஜாவுக்குப் போனேன். சம்பந்தி வீட்டுக் கொட்டகையில், முட்டைக்கோசு அடுக்கும் பிளாஸ்டிக் கூடை ஒன்றில் துணி விரித்து அவளை உட்கார வைத்திருந்தார்கள். காலில் காலுறை இல்லை. சம்பந்தி ஒரு கோசைத் தன் தலைமேல் வைத்து விழச்செய்வார். அவள் வயிறு குலுங்கச் சிரிப்பாள். மறுபடி வைப்பார்; மறுபடி சிரிப்பாள்.

"வாங்க சம்பந்தி, வாங்க. புதுச் சரக்கு பாத்தீங்களா? கேமரன்லயே முதல் தரம். விக்கிறதுக்கில்ல லா."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. அது நின்றதை அங்கே வேறு எவரும் கவனிக்கவில்லை.

"நீங்களும் ஒரு கோச தலையில வைங்க" என்றார் சம்பந்தி. "சிரிச்சா பல்லு விழுந்துறாது."

"எனக்குக் கழுத்து வலி" என்றேன்.

திரும்பும் வழியில் பிரிஞ்சாங்கில் மளிகைக் கடைக்காரர் கேட்டார்: "பேத்தி எங்க ஐயா, கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறீங்க?" வீட்டில் உறங்குகிறாள் என்றேன். அதே பொழுதில் எதிர்ச்சாரியில் சம்பந்தியின் வேன் போயிற்று. முன்னிருக்கையிலிருந்து என் மகன் கையசைத்தான். பின்னால் குழந்தை இருக்கையில் பேத்தி இருந்தாள். கடைக்காரர் உப்புப் பொட்டலம் கட்டுவதில் மும்முரமானார்.

இனி எஞ்சியிருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. அன்று எஸ்டேட் மாரியம்மன் கோவிலில் குழந்தைக்கு முடியிறக்கிக் காது குத்துவதாக ஏற்பாடு. எந்த மடியில் குழந்தையை வைத்துக் குத்துவது என்பதில் நம்மவர்களுக்கு ஐயம் எழுவதில்லை. அது தாய்மாமன் மடி. ஆனால் என் மருமகளுக்கு உடன்பிறந்தான் இல்லை. ஆகவே பெண்ணின் தந்தைதான் உட்காருவார் என்று இரு வீட்டாரும் பேசாமலே எடுத்துக்கொண்டிருந்தார்கள். எஸ்டேட் முழுவதும் கூடும் இடத்தில், என் கோவிலில், அவள் அவர் மடியில் அமர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். நான் ஓரமாக நின்று பார்ப்பேன். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சீர் பேச எல்லோரும் கூடிய அன்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "தாய்மாமன் இல்லாத இடத்தில் அந்த உரிமை, குழந்தை எந்தக் குலத்தைச் சேர்ந்ததோ அந்தக் குலத்தின் மூத்தவருக்கு உரியது. முடி எங்கள் குலதெய்வத்திற்குப் போகிறது. மடியும் அங்கிருந்துதான் வரவேண்டும்."

யாரும் மறுக்கவில்லை. தேர்வு முடிவுகளை வாசித்துப் பழகிய குரல் அது. அந்த வாதத்தில் பிழை இருப்பதாக நான் இன்றும் கருதவில்லை.

சம்பந்தியின் மனைவிதான் முணுமுணுத்தார். "சீர்த் தட்டு நாங்க கொண்டாரணும், தோடு நாங்க போடணும். மடி மட்டும் அவருக்கா?"

சம்பந்தி என்னைச் சற்று நேரம் பார்த்தார். அப்போது அவர் சிரிக்கவில்லை. பிறகு, "எடுத்துக்குங்க சம்பந்தி" என்றார். "நீங்க கோவில் தலைவரு. நல்லாத்தான் இருக்கும்."

ஞாயிறன்று பனி விலகி, கோவிலுக்குப் பின்னால் தேயிலை மேடு பளிச்சென்றிருந்தது. லயத்து மக்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மேளம் வாசிக்க, நான் மணையில் அமர்ந்தேன். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். அந்தக் கனத்தை நான் உணர்ந்தது அதுவே முதல் தடவை. அழத் தொடங்கினாள். சம்பந்தி எதிரே குந்தி உட்கார்ந்து வேன் சாவிக்கொத்தை ஆட்டினார். அழுகை நின்றது. முடியிறக்கும்வரை அவள் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காது குத்தும் பத்தர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "ஐயா, தலைய ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிங்க. ஆடுனா ஓட்ட கோணிப் போயிரும்."

பிடித்தேன். ஊசி இறங்கியதும் அவள் மூச்சை அடக்கி, பத்தரைப் பார்க்காமல், சாவியையும் பார்க்காமல், என் கைகளுக்குள்ளேயே தலையை மேலே சாய்த்து நேராக என் முகத்தைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அவள் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அப்போதுதான். அதன் பிறகே அழுகை வந்தது. இரண்டாவது காதுக்கு அவளுக்கு விவரம் தெரிந்துவிட்டது, திமிறினாள். நான் இன்னும் இறுக்கினேன். குத்தியவர் யார் என்பது அவளுக்கு எதற்கு? தலையைப் பிடித்திருந்த கைகள் என்னுடையவை.

தோடு திருகி முடிந்ததும் சம்பந்தி குனிந்து அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். தேயிலைச் செடிகளின் ஓரமாக நடந்தார். ஒரு கொழுந்தைக் கிள்ளி அவள் கையில் கொடுத்தார். அழுகை விம்மலாகி, விம்மலும் அடங்கியது. என் மடியில் மயிர்க்கற்றைகள் மட்டும் கிடந்தன. வந்தவர்கள் வரிசையாக வந்து எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள், ஒவ்வொருவருக்கும் கைகூப்பினேன்.

கைகழுவக் கோவில் மடைப்பள்ளிப் பக்கம் போனேன். உள்ளே மருமகள் தன் தாயிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"நாந்தாம்மா அப்பாகிட்ட முன்னயே சொல்லி வெச்சிருந்தேன், மாமா என்ன கேட்டாலும் விட்டுக்குடுங்கன்னு. பாவம், தனியா இருக்காரு."

நான் குழாயைத் திறக்காமலே திரும்பிவிட்டேன். என் வாதத்தால் வென்றதாக நினைத்திருந்தது எனக்கு இரக்கப்பட்டுத் தரப்பட்டது. அதையும் அவர் சிரிக்காமல் கொடுத்திருக்கிறார். அவர் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

எஞ்சிய நாட்களில் என் தலை தெரிந்தாலே குழந்தை யாருடைய கழுத்திலாவது முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சம்பந்தி என்னைத் தேற்றினார்.

"காது ஆறட்டும் சம்பந்தி, மறந்துருவா. எம் மூத்தவ இப்படித்தான், காது குத்துன மாமன்கிட்ட ரொம்ப நாளு அண்டல."

அப்படியானால் இது தெரிந்துதான் மடியை விட்டுக்கொடுத்தாரா என்று நான் அவரிடம் இதுவரை கேட்டதில்லை.

அவர்கள் புறப்பட்ட நாளில் வழியனுப்ப நானும் வருவதாக வற்புறுத்தினேன். வாசலில் நின்று கெட்டது போதும். மகன் முன்னால் அமர்ந்தான். பின்னிருக்கையில் குழந்தை இருக்கைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மருமகள். தானா ராத்தா தாண்டுமுன்பே குழந்தை உறங்கிவிட்டாள். மொட்டைத் தலை ஒவ்வொரு வளைவுக்கும் என் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. காது மடலில் சந்தனம் காய்ந்திருந்தது. கீழ்ச்சாலை வந்து, நெடுஞ்சாலை வந்து, விமான நிலையம் வரும்வரை அவள் விழிக்கவில்லை. சம்பந்தி அடிக்கடி கண்ணாடியில் பின்னால் பார்க்க முயன்றார். ஆனால் அவர் வண்டி ஓட்டவேண்டியிருந்தது. அவர் சாலையைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன்.

இப்போது ஞாயிறுதோறும் மகன் கைப்பேசியில் முகம் காட்டி அழைக்கிறான். குழந்தை தவழ்ந்து வந்து திரையைப் பார்ப்பாள். சிரிப்பதில்லை, அழுவதும் இல்லை. வலது கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டுக்கொள்வாள். முதல் வாரம் தற்செயல் என்று எண்ணினேன். ஒவ்வொரு வாரமும் அப்படியே செய்தாள். சம்பந்திக்கு அவள் திரை வழியே முத்தம் கொடுப்பதாக ஊரெல்லாம் பேச்சு. அதைச் சொல்லித் திரிபவரும் அவரேதான்.

நான் மகனிடம் கேட்டேன்: "அவரைப் பார்த்தும் காதைத் தொடுகிறாளா?"

"இல்லப்பா. உங்களுக்கு மட்டுந்தான். போன்ல உங்க குரல் கேட்டாலே கை போயிருது."

அடுத்த சந்தை நாளில் சம்பந்தியின் கடைக்குப் போனேன். வெயில், விலை என்று வேறு பேச்சுகளுக்கு நடுவே இதையும் சொன்னேன். அவர் தராசில் தக்காளி போட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

"என்கிட்ட அப்படி செஞ்சதில்லயே" என்றார்.

எனக்கும் இரண்டு கிலோ போடச் சொன்னேன்.