போகாத ஊரின் பெர்மிட்

யூட்டா எங்கே இருக்கிறது, தெரியுமா உங்களுக்கு?

போன வாரம் வரை எனக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஒரு மாநிலமாம். மலையும் உப்பு ஏரியும் நிறைய உண்டாம். இதை எனக்குச் சொன்ன ரூபனும் அங்கே போனதில்லை. ஆனால் அந்த மாநிலம் கொடுத்த அட்டை ஒன்று அவர் பர்ஸில் இருக்கிறது.

ரூபன் யார் என்று சொல்லிவிடுகிறேன். பாரிஸில், லா ஷப்பேலில் எனக்கு ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கும் யோகாவின் தம்பி. யோகா யாழ்ப்பாணம், நான் பாண்டிச்சேரி. அளவு கொடுக்கப் போய் ஆரம்பித்த பழக்கம், இன்று அவள் வீட்டு விசேஷம் எதுவும் நான் இல்லாமல் நடக்காது. சண்டைக் காலத்தில் ஊரை விட்டு வந்தபோது அக்கா பிரான்சுக்கும் தம்பி அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு போனில் பேசியதுதான். இப்போது யோகாவின் மகள் துளசிக்குக் கல்யாணம். மேரிலாண்டிலிருந்து தாய்மாமன் வந்து இறங்கினார்.

வந்த மறுநாள் எங்களைச் சாப்பிட அழைத்துப் போனார். ஃபோபூர் சான் தெனி தெருவில் சனிக்கிழமைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மனிதர் சுவரை ஒட்டியே நடந்தார். ஹோட்டலில் யோகா பிடித்து வைத்த மேசை அவருக்குப் பிடிக்கவில்லை. மூலையில், வாசலைப் பார்த்த மாதிரி இடம் காலியாகும் வரை நின்றார். உட்கார்ந்த பிறகும் வலது கை அடிக்கடி இடுப்புக்குப் போய் வந்தது. விமானத்தில் வந்த இடுப்பு வலி என்று நினைத்தேன். என் கைப்பையில் எப்போதும் ஒரு தைலப் புட்டி இருக்கும்... எடுத்து நீட்டினேன். சிரித்துவிட்டு வேண்டாம் என்றார்.

பில் வந்தது. பர்ஸைத் திறந்தபோது மூன்று அட்டைகள் சரிந்து கொத்துரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தன. துளசி எடுத்துப் பார்த்தாள். மூன்றிலும் மாமன் படம். மூன்றும் வேறு வேறு மாநிலம்.

இதெல்லாம் என்ன என்று பிரெஞ்சும் இங்கிலீஷும் கலந்து கேட்டாள். அந்தப் பெண் மாமனிடம் பேசுவதே அப்படித்தான்.

"துவக்கு வச்சிருக்கிற பெர்மிட்" என்றார் ரூபன். துவக்கு என்றால் அவர்கள் ஊரில் துப்பாக்கி. "வெளியிலை தெரியாமல் உடுப்புக்குள்ளை வச்சுக்கொண்டு திரியலாம். இது மேரிலாண்ட், எங்கடை மாநிலம். இது யூட்டா. இது புளோரிடா."

"யூட்டாவிலயும் வீடு வாங்கிட்டீங்களா?" என்றேன் நான்.

"இல்லை அக்கா. அங்கை நான் போனதே இல்லை. எங்கடை மாநிலத்துப் பெர்மிட் பக்கத்து டெலவேரிலை செல்லாது. கடைச் சாமான் எடுக்க அங்கை அடிக்கடி போறனான். யூட்டாப் பெர்மிட் அங்கை செல்லும். தங்கடை மாநிலத்திலை இருக்காத ஆக்களுக்கும் அவை குடுப்பினம். இருக்கிற ஊரிலயே ஒரு வகுப்பு, கைரேகை, படம்... எல்லாத்தையும் தபாலிலை அனுப்பினால் சரி."

"அப்போ புளோரிடா?"

"அது வேறை சில இடங்களிலை செல்லும்."

யோகா அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாங்கள் இருக்கிற ஊரிலை இருக்கிறதுக்கு ஒரு கார்த் எடுக்க எத்தினை வருசம் லைனிலை நிண்டனாங்கள்! உனக்கு, காலே வைக்காத ஊர் தபாலிலை அனுப்புதோ?"

நாங்கள் சிரித்தோம். எனக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நான் பிரெஃபெக்சூரில், அந்தக் கார்த் கொடுக்கும் அரசு அலுவலகத்தில், கவுண்டரில் உட்கார்ந்து ரிட்டையர் ஆனவள். 'இங்கே இருக்கலாம்' என்று ஒரு வார்த்தை எழுதிய அட்டைக்காக விடியற்காலைக் குளிரில் வரிசையில் நின்ற முகங்களை என் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து வருஷக்கணக்காகப் பார்த்தவள். மனிதன் வசிக்க அனுமதி கிடைப்பது அவ்வளவு கஷ்டம். மறைத்து வைத்துக்கொண்டு பயப்பட அனுமதி... அது வீட்டுக்கே வந்துவிடுகிறது!

"இப்பவும் இடுப்பிலை வச்சிருக்கிறியோ?" யோகா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இஞ்சை கொண்டுவர ஏலாது. வீட்டிலை பூட்டி வச்சிட்டு வந்தனான்" என்றார். கை மறுபடியும் இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை.

ஏன் இந்த மூன்று அட்டை என்று யோகா கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. ரூபனும் அவர் மனைவி சாந்தியும் ஒரு பெட்ரோல் பங்கை ஒட்டிச் சின்னக் கடை நடத்தினார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பட்டப்பகலில், கல்லாவில் நின்றிருந்த சாந்தியை ஒருவன் சுட்டுவிட்டு ஓடிவிட்டான். குழந்தை இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ரூபன் மட்டும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். லெ பிளாங்-மெனிலில் ஒரு மண்டபம். துளசியின் அப்பா மாரடைப்பில் போய்ப் பல வருஷமாகிறது. கன்னிகாதானம் யார் செய்வது என்று ஒரு பேச்சு வந்தது. தம்பதியாகத்தான் நிற்க வேண்டும், சொந்தத்தில் யாரையாவது நிறுத்தலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். யோகா ஒத்துக்கொள்ளவில்லை. "நானும் என்ரை தம்பியும்தான் நிப்பம். எங்களிலை ஆருக்கு என்ன குறை?" என்று கேட்டாள். புருஷனை இழந்த அக்கா, மனைவியை இழந்த தம்பி. ஐயர் நல்ல மனிதர். "நில்லுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு பேரும் சேர்ந்து தாரை வார்த்தார்கள். பட்டு வேட்டியில் ரூபன் அழகாக இருந்தார். மண்டபத்துக்கு வந்த பிறகு அவர் முகம் கொஞ்சம் இளகியிருந்ததாக எனக்குப் பட்டது. மேடையிலிருந்து எல்லாக் கதவும் தெரியும் அல்லவா, அதனால் இருக்கலாம்.

தாலி கட்டும் நேரம். ஐயர் கையை உயர்த்தினார். கெட்டிமேளம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துக் குனிந்தார்.

அப்போதுதான் மேடையின் இரண்டு பக்கமும் நின்றிருந்த மாப்பிள்ளையின் சிநேகிதர்கள், வர்ணக் காகிதம் பறக்கவிடும் குழாய்களை ஒரே நேரத்தில் திருகினார்கள். டமார்! டமார்!

இப்போதெல்லாம் எல்லாக் கல்யாணத்திலும் இருப்பதுதானே. நாம் கைதட்டுவோம், போட்டோ எடுப்போம்.

ரூபன் துளசியின் மேல் பாய்ந்தார். மாப்பிள்ளையை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, மணப்பெண்ணைத் தரையோடு சாய்த்து, அவள் தலையைத் தன் நெஞ்சுக்கு அடியில் புதைத்துக்கொண்டு, முதுகைச் சபைக்குக் காட்டிக் கவிழ்ந்து கிடந்தார். இடது கை அவளை அணைத்திருந்தது. வலது கை இடுப்பில் வேட்டியைத் துழாவிக்கொண்டே இருந்தது. மேலே சிவப்பும் பொன்னுமாகக் காகிதம் நிதானமாக இறங்கியது.

மேளம் தடுமாறியது. மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. யாரோ ஒரு அம்மா, "ஐயோ, அபசகுனம்" என்றார்.

"மேளத்தை நிப்பாட்டாதேங்கோ!" ஐயர் கத்தினார். "அடியுங்கோ! அடியுங்கோ!"

மேளம் மறுபடி எழுந்தது. யோகா மண்டியிட்டுத் தம்பியின் தோளைத் தொட்டாள். அவர் அசையவில்லை. கீழே இருந்து துளசியின் குரல்தான் கேட்டது. பிரெஞ்சும் இல்லை, இங்கிலீஷும் இல்லை.

"மாமா, எனக்கு ஒண்டும் இல்லை. நான் நல்லா இருக்கிறன். எழும்புங்கோ மாமா."

மெதுவாக எழுந்தார். துளசியின் மாலை நசுங்கி, நெற்றிச் சுட்டி காதுப் பக்கம் போயிருந்தது. அவள் எதையும் சரி செய்யவில்லை. முதலில் மாமன் கையைப் பிடித்துத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டினாள். அந்தப் பிள்ளையும், விழுந்த இடத்திலிருந்து எழுந்து வந்து தாலியைக் கட்டினான். நல்ல பிள்ளை.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது ரூபனைக் காணவில்லை. மண்டபத்துக்குப் பின்னால், கார் நிறுத்தும் இடத்தில் நின்றிருந்தார். தலையெல்லாம் வர்ணக் காகிதம். யோகாவும் நானும் போனோம்.

"அக்கா, உனக்கு நான் ஒண்டு சொல்லேல்லை" என்றார்.

"சொல்லு."

"அண்டைக்கு நான் கடைக்குப் பின்னாலை, குளிர் அறையுக்கை பால் அடுக்கிக்கொண்டு நிண்டனான். சத்தம் கேட்டது. பெட்டி ஏதோ விழுந்திட்டுது எண்டு நினைச்சன். மிச்சப் பாலையும் அடுக்கி முடிச்சிட்டுத்தான் வெளியிலை வந்தனான்."

யோகாவுக்கு இது தெரியாது. போனில் இதை யாரால் சொல்ல முடியும்?

என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "கையில துப்பாக்கி இருந்திருந்தா மட்டும்..." என்று ஆரம்பித்தேன்.

"இருந்தாலும் நான் உள்ளுக்கைதானே அக்கா நிண்டனான்" என்றார் என்னைப் பார்த்து. "அது எனக்குத் தெரியும். பெர்மிட் எடுக்கேக்கையும் தெரியும். ஒவ்வொண்டு எடுக்கேக்கையும் தெரியும்."

யோகா தம்பியின் தலையிலிருந்து காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் உங்களைச் சிரிக்க வைக்கத்தான் பார்ப்பேன். இந்த வாரம் முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பயத்துக்கு எல்லை கிடையாது என்று சும்மா எழுதிவிட்டுப் போகிறோம். ரூபனின் பயத்துக்கு எல்லை இருந்தது. மாநில எல்லை. அதைத் தாண்டிப் போகத்தான் அந்த அட்டைகள்.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்துக்கு நானும் போனேன். யோகா கடைசி வரை விடவில்லை.

"இஞ்சையே இரன்டா. எங்களோடை இரு. அங்கை உனக்கு ஆர் இருக்கினம்?"

"கடை திறக்கோணும் அக்கா. அவள் நிண்ட இடத்திலை வேறை ஆளை நிப்பாட்ட மனம் வரேல்லை. நான்தான் நிக்கிறன்."

யோகா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. தம்பியின் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "துவக்கை எறி எண்டு நான் சொல்லமாட்டன். சாப்பிடேக்கை மட்டுமாவது கழட்டி வை. அவ்வளவுதான்."

"ஓம் அக்கா" என்றார் ரூபன். உள்ளே போய்விட்டார்.

திரும்பும் ரயிலில், திரான்சி தாண்டும்போது யோகா சொன்னாள்.

"மரி அக்கா, அவன் கழட்டி வைக்கமாட்டான். எனக்காகப் பொய் சொன்னவன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மறுபடி சொன்னாள்.

"எண்டாலும், ஓம் எண்டு சொன்னவன்தானே?"

எப்போதும் 'ஆமாம்' என்கிற பாண்டிச்சேரிக்காரி நானும் சொன்னேன்: "ஓம்."