செனிக்காப் பெண்களின் அவரை

1984 ஆகஸ்ட் 5, ஞாயிறு, காலை ஆறு மணி பத்து நிமிடம். ஆடிக் காற்று, இரவெல்லாம் பெய்த தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. பென்னாகரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மூன்று சென்ட் நிலத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். மண்மேடுகள் 36. மேட்டுக்கு நான்காக மக்காச்சோளப் பயிர் 144. அவற்றில் 97 சாய்ந்து கிடந்தன. ஏறிய அவரைக்கொடி காற்றோடு சேர்ந்து இழுத்துப் போட்டிருந்தது.

நான் உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். வட அமெரிக்க ஆதிகுடிகளில் செனிக்கா மக்கள் ஒரே மேட்டில் மக்காச்சோளம், அவரையினம், பரங்கி மூன்றையும் வளர்க்கும் முறை பற்றிக் கட்டுரை எழுதி, டிசம்பரில் தருமபுரியில் நடக்கவிருந்த கருத்தரங்குக்கு அனுப்பியிருந்தேன். "மூன்றையும் ஒரே நாளில் விதைப்பர்" என்று அதில் ஒரு வரி. என் கையில் இருந்த நூல் நாள் எதையும் சொல்லவில்லை. அது நானாகச் சேர்த்தது; தோட்டத்திலும் அப்படியே விதைத்திருந்தேன். கடல் தாண்டாத பள்ளி ஆசிரியனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னை மட்டம் தட்ட அந்த ஒரு வரி போதும்.

என் மனைவி வாளியோடு வந்து பார்த்தாள். மாரண்டஹள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்.

"என்னங்க, உங்க அமெரிக்கா படுத்துக்கிச்சா?"

"புத்தகத்துல சேத்துதான் வளப்பாங்கன்னு இருக்கு."

"அங்க வெள்ளாமை பாக்கறது யாரு?"

"பொம்பளைங்கதான்."

"புத்தகம் எழுதுனவரு அவங்களக் கேட்டாரா, இல்ல சும்மா உக்காந்திருந்த ஆம்பளைங்களக் கேட்டுட்டுப் போயிட்டாரா? எங்க வூட்டுல ஆமணக்கு முழங்கால் ஒசரம் வந்தப்புறந்தான் பக்கத்துல அவரை ஊனுவோம். கொடி ஏறணும்னா மொதல்ல தூணு நிக்கணுமுங்க."

அவள் கேட்டது நல்ல கேள்வி. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அடுத்த ஞாயிறே மறுபடி 144 மக்காச்சோளம் ஊன்றினோம். இருபத்தெட்டு நாள் கழித்து, அவள் தன் முழங்காலை வைத்து அளந்து சரி என்ற பிறகு, அவரை. இடையில் இரண்டு சனிக்கிழமை பெங்களூர் போய் ஒரு நூலகத்தில் தேடினேன். முதல் முறை ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாம் முறை, செனிக்காப் பெண்களிடமே கேட்டு எழுதிய பழைய அறிக்கை ஒன்று கிடைத்தது. மக்காச்சோளம் சற்று வளர்ந்த பிறகே அவரை என்று அதில் தெளிவாக இருந்தது. மூன்று முறை படித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள், "அவங்களும் வெள்ளாமைக்காரிங்கதானே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கருத்தரங்கில் திருத்திய கட்டுரையைப் பதினெட்டு நிமிடம் வாசித்தேன். சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் எழுந்தார்.

"நீங்க அமெரிக்கா போயிருக்கீங்களா?"

"இல்லைங்க. பெங்களூருதான், ரெண்டு தடவை."

அறை சிரித்தது.

"அப்புறம் அனுப்பின கட்டுரையை எதை வெச்சு மாத்தினீங்க?"

"அந்தப் பெண்கள் சொன்னது எழுத்துல இருக்குங்க. நாங்க ரெண்டு தடவை ஊனியும் பாத்துட்டோம். என் இஷ்டத்துக்கு ஊனுனப்ப 97 சாஞ்சுது. அவங்க சொன்னபடி ஊனுனப்ப ஒம்பது."

இரண்டாம் முறை ஆடிக் காற்று இல்லை என்பதையும், அவரை நம் ஊர்க் கொடி அவரைதான் என்பதையும் சொல்லிவிட்டேன். மறைத்திருந்தால் எனக்குத் தூக்கம் பிடித்திருக்காது.

"தப்புன்னு முதல்ல கண்டுபிடிச்சது யாரு?"

"என் சம்சாரமுங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. "அதை அடிக்குறிப்புல போடுங்க" என்றார் பேராசிரியர்.

தொகுப்பு அச்சாகி வந்தது. கட்டுரையின் மூன்றாம் அடிக்குறிப்பு, நான்கு வரி: விதைப்பு வரிசையைத் திருத்தியவர் கட்டுரையாளரின் மனைவி. அவள் அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு புத்தகத்தை வாங்கி, பட்டுப் புடவை இருக்கும் பெட்டியில் வைத்தாள். பிறந்த வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்றாள். இன்னொரு பிரதி வாங்கினேன்.

விதை, பேருந்து, தட்டச்சு, இரண்டு பிரதி, எல்லாம் சேர்த்து, தொலைந்துபோன ஒரு பயணச்சீட்டை உத்தேசமாகப் போட்டு, ஆன செலவு 163 ரூபாய் 40 காசு.