மழையை மறந்த எண்பது வேன்கள்

கம்ப்யூட்டர் வேலையைப் பிடுங்கிவிடும் என்று இப்போது எல்லாரும் புலம்புகிறீர்கள். எனக்கு அந்தப் பயம் 1996லேயே வந்துவிட்டது, மலேசியாவில், ஷா ஆலமில்!

வேனுக்கு பாடி கட்டும் கம்பெனியில் நான் டிராஃப்ட்ஸ்மேன். பென்சில், ஸ்கேல், பதினோரு வருஷ சர்வீஸ்.

ஒருநாள் கம்ப்யூட்டரோடு வந்து சேர்ந்தார் யோகேஸ்வரி. பிரிக்ஃபீல்ட்ஸ்காரர், லண்டனில் படித்தவர்.

அவர் படமே வரையமாட்டார். விதி எழுதுவார்! சக்கரம் இங்கே இருந்தால் முன்கண்ணாடி எங்கே தொடங்கலாம், கூரை உயர்ந்தால் கதவு எவ்வளவு உயரலாம். இப்படி நாற்பது விதிகள். மெஷின் அவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்து, புதுப்புது வேன்களாக வரைந்து தள்ளும்.

வருகிற வெள்ளிக்கிழமை, என் படங்களிலும் மெஷின் படங்களிலும் ஒன்றை பாஸ் தேர்ந்தெடுப்பார். மெஷின் ஜெயித்தால் என் மேசை காலி என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு.

நான் ஆறு வேன் வரைந்தேன். யோகேஸ்வரி பார்த்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஆறும் ஒரே வேன்தான். லைட்டு மட்டும் மாறியிருக்கு."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. (அவர் சொன்னது உண்மை என்பதால் கொஞ்சம் கூடுதலாக!)

மெஷின் எண்பது துப்பியது. பாதி ரைஸ் குக்கர் மாதிரி இருந்தன.

ஆனால் ஒன்றைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பக்கக் கதவு கூரையிலும் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு திறந்தது. குனியாமலே ஏறலாம்! எனக்கு ஏழு ஜென்மத்திலும் தோன்றியிருக்காது.

அப்புறம்தான் கவனித்தேன். நம்ம ஊர் நாலு மணி மழையில் அந்தக் கதவைத் திறந்தால், கூரைத் தண்ணீர் மொத்தமும் சீட்டில்!

பாஸ் முன்னால் இதைப் போட்டு உடைத்தால் என் மேசை தப்பிக்கும். ஒரு நாள் முழுக்க வெள்ளிக்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் அவ்வளவு நல்ல வேன் வீணாகப் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

"யோகா, மழைக்கு ரூல் எழுதுனியா?"

"ஐயையோ! இல்லண்ணே!"

"கூரைய வெட்டுனா, வெட்டுக்கு மேல தண்ணி தாண்டாம ஒரு மேடு வேணும் லா."

ஒரே ஒரு வரி தட்டினார். பகல் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால், கூரை வெட்டிய அத்தனை வேன்களும் மாறியிருந்தன! மேடு ஓடிய இடத்தில் கூரையே அழகாக வளைந்திருந்தது. கையால் திருத்த எனக்கு ரெண்டு மாசம் ஆகியிருக்கும். அந்தப் பெண்ணை அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை பாஸ் அந்த வேனைத்தான் எடுத்தார். "சியாப்பா லுகிஸ்?" யார் வரைந்தது என்று மலாயில் கேட்டார்.

மெஷின்தான் என்றார் யோகேஸ்வரி. ஆனால் மழை விதி மாணிக்கம் அண்ணனுடையது, அது இல்லாவிட்டால் உள்ளே மீன் வளர்க்கலாம் என்றும் சொன்னார்.

பாஸ் சிரித்துவிட்டு எனக்குப் புது வேலை கொடுத்தார். திங்கட்கிழமையிலிருந்து மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு வேனிலும் குறை கண்டுபிடிக்க வேண்டும்!

கிள்ளானில் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"குறை சொல்றதுக்குச் சம்பளமா? இங்க இத்தனை வருசமா ஓசியில செஞ்சீங்களே!"