ஆண்டவர் வழியாகப் போட்ட சண்டை

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, நானும் என் மனைவியும் பேசிக்கொண்டது குடும்ப ஜெபத்தில் மட்டும்தான். அதுவும் ஆண்டவர் வழியாக. "ஆண்டவரே, உமது அடியானுக்குக் கேட்கிற காதைத் தாரும்" என்பாள். என் முறை வந்ததும், "உமது மகளுக்குச் சாந்தமான நாவைத் தாரும்" என்பேன். ஆமென் சொன்னதும் நான் டிவி முன்னால், அவள் சமையலறையில்.

ஒருநாள், கேளம்பாக்கத்தில் தங்கை வீட்டோடு போய் இருந்துவிடுகிறேன் என்று துணிகளைப் பையில் அடுக்கிவிட்டாள். பயந்துபோய், தாம்பரத்தில் எங்கள் சபைக்குச் சனிக்கிழமை வரும் கவுன்சிலிங் அம்மாவிடம் அழைத்துப் போனேன்.

"பேசுங்க" என்றார் அவர். இருவரும் மின்விசிறியைப் பார்த்தோம்.

"சரி, ஜெபம் பண்ணலாமா?"

அவ்வளவுதான், என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். "ஆண்டவரே, பேச ஆளில்லாம நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டிருக்கிறது உமக்குத் தெரியும். ஏரிக்கரை வரைக்கும் என்கூட நடக்க இவருக்கு மனசில்லையே!"

"அக்கா, ஆமென் இருக்கட்டும்" என்று கவுன்சிலிங் அம்மா இடைமறித்தார். "ஆண்டவர் கேட்டுட்டார். இப்போ கண்ணைத் திறந்து அண்ணன்கிட்ட சொல்லுங்க."

திறந்த கண்கள் நிறைந்திருந்தன. "சாயங்காலம் என்கூட நடக்க வர்றீங்களா?"

"ம்" என்றேன், பழக்கதோஷத்தில்.

"அண்ணா!"

"வர்றேன். இன்னைக்கே வர்றேன்."

"ஆமென்" என்றாள் என் மனைவி, பாதி சந்தேகத்தோடு.

அன்று சாயங்காலம் இருவரும் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி வந்தோம்; அவள் பேசிக்கொண்டே வந்தாள். கேட்கிற காதுக்காக அன்றைக்கு நானே ஜெபம் பண்ணினேன்.